பதினேழு நாள்

வரைபடத்தை விரித்தால் சாப்பாட்டு மேசை போதவில்லை.
மேற்கு முனை நாற்காலியில் வழிகிறது.
சீன எல்லையில் கொக் லியோங்
கோப்பிக் குவளையை வைத்திருக்கிறான்.
எடு என்றால்,
கனம் வைக்காவிட்டால் மலை சுருண்டுகொள்ளும் என்கிறான்.

நான் பேருந்து ஓட்டுபவள்.
பதினோரு ஆண்டுகளாக
ஈசூனிலிருந்து கிளம்பி ஈசூனுக்கே வந்து சேர்கிறேன்.
சுற்றுக்கு நாற்பத்தேழு நிறுத்தம்,
விளக்குகளை எண்ணுவதை விட்டுவிட்டேன்.
முர்காப் போகும் வழியில்
முந்நூறு கிலோமீட்டருக்குப் பெட்ரோல் கிடையாதாம்.
தீவை ஆறு முறை நெடுக்காகக் கடந்தும்
ஒரு கடை, ஒரு பலகை கண்ணில் படாதது போல
என்று ரொஸ்னாவிடம் விளக்கினேன்.
'கழிப்பறை?' என்றாள்.
பட்டியலில் அதற்குத் தனி வரி போட்டோம்.

ஏறிப் பழக இங்கே மலை இல்லை.
புக்கிட் தீமாவை இருபத்தெட்டு முறை
ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாலும்
அக்பைத்தால் கணவாய்க்கு
இன்னும் ஓர் இருபத்தைந்து மாடி புளோக் குறைகிறது.
ஆகவே இரவு பதினொன்றுக்கு மேல்
கார்ப்பேட்டையின் சரிவில் ஏறுகிறோம்,
இரண்டாம் கியரில், ஆறாம் மாடி வரை.
பிறகு இறக்கம், பிரேக்கைத் தொடாமல்.
கையால் கியர் போடும் வாடகைக் கார் ஒன்றை
இந்தத் தீவில் கண்டுபிடிக்கவே மூன்று வாரம்.

குளிருக்கு ஜூரோங்.
ரொஸ்னாவின் மச்சான் உறைமீன் கிடங்கில் மேற்பார்வையாளர்.
மைனஸ் பதினெட்டு.
இறால் பெட்டிகளுக்கு நடுவே
தூக்கப்பைகளுக்குள் மூவரும் படுத்தோம்.
கொக் லியோங் பாட ஆரம்பித்தான்.
இருபதாவது நிமிடத்தில் நிறுத்தினான்.
அவன் பையின் ஜிப் மார்புக்கு மேல் வரவில்லை,
சொல்ல வெட்கப்பட்டிருக்கிறான்.
மலையில் வெட்கப்படக் கூடாது
என்று எழுதிக்கொண்டோம்,
அடுப்புக்கும் அயோடினுக்கும் இடையில்.

ஞாயிற்றுக்கிழமை புளோக்கின் கீழே
கண்ணைக் கட்டிக்கொண்டு சக்கரம் மாற்றினோம்,
பஞ்சர் பகலில்தான் ஆகும் என்று யார் சொன்னது.
பறவைக் கூண்டுக்காரர்கள் பந்தயம் கட்டினார்கள்.
எட்டு நிமிடம் பத்து விநாடி.
நகர மன்றத்திலிருந்து ஒருவர் வந்து
இங்கே பழுது பார்க்க அனுமதியில்லை என்றார்.
பழுதே இல்லை என்றேன்.
சக்கரத்தைச் சற்று நேரம் பார்த்தார்.
எங்கே போகிறீர்கள்?
சொன்னேன்.
நட்டுகளை வரிசையாக முறுக்காதீர்கள்,
எதிரெதிராக முறுக்குங்கள் என்றார்.
எச்சரிக்கைத் தாளையும் கொடுத்துவிட்டுத்தான் போனார்.

இருபத்தொரு நாள் கேட்டிருந்தேன்.
பணிமனையில் பதினேழு கொடுத்தார்கள்.

நான்கு நாளை மலையிலிருந்து வெட்ட வேண்டும்.
ஏரியையா, வெந்நீர் ஊற்றையா?
ரொஸ்னா காலண்டரை அவள் மொழியில் திட்டுகிறாள்.
கொக் லியோங் சிவப்புப் பேனாவால்
ஓய்வு நாட்களை அடிக்கத் தொடங்கினான்,
ரத்தம் உயரத்துக்குப் பழகட்டும் என்று
நான் ஒதுக்கி வைத்திருந்தவை.
பிடுங்கினேன்.
பேனா வழுக்கிப்
பள்ளத்தாக்கின் குறுக்கே ஒரு கோடு விழுந்தது.

அங்கே பாதை புள்ளிபுள்ளியாகத்தான் இருந்தது.
பனி உருகும் மாதத்தில் ஆறு அதைத் தின்றுவிடும்,
பாலம் இருப்பதாகச் சிலர், இல்லை என்று சிலர்.
இப்போது சிவப்பாக, திடமாக ஒரு சாலை.
அந்த வழியில் போனால்
சரியாக நான்கு நாள் மிச்சம்.
ஒருவரும் வாய் திறக்கவில்லை.
கோப்பி ஆறிப்போயிருந்தது,
கொக் லியோங் அதையும் குடித்து முடித்தான்.

காலை ஐந்தே முக்கால்.
மூன்றாவது விளக்கு சிவப்பு.
குறுக்கே ஒரு பூனைகூட இல்லை,
ஆனாலும் நிற்கிறேன்.
பின்னிருக்கையில் பள்ளிப்பெண் ஒருத்தி
கண்ணாடியில் நெற்றி முட்டத் தூங்குகிறாள்.
ஆற்றின் ஆழத்தை எப்படி அளப்பது?
யாராவது ஒருவர் முதலில் இறங்கி நடக்க வேண்டும்.
முழங்காலோடு நின்றால் வண்டி போகும்.
மூவரில் நீந்தத் தெரிந்தவள்
நான் மட்டும்.

பச்சை.